கேன்சஸ் சிட்டியில் சுனில் சேத்ரி: அமெரிக்கக் கால்பந்தில் ஓர் இந்தியர்

சுனில் சேத்ரி (பிறப்பு: 3 ஆகஸ்டு 1984) இந்தியக் கால்பந்து அணியின் முன்னாள் தலைவர், இந்தியாவுக்காக மிக அதிகக் கோல்கள் அடித்தவர். 2010-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர் தொடரில் ஆடிய கேன்சஸ் சிட்டி விசார்ட்ஸ் அணி இவரை ஒப்பந்தம் செய்தது. அந்த அணிக்காக லீக் ஆட்டம் ஒன்றில்கூட இவர் களமிறங்கவில்லை. கோப்பைப் போட்டி ஒன்றில் இடைவேளை வரையும், நட்புமுறை ஆட்டம் ஒன்றில் மாற்று ஆட்டக்காரராகவும் மட்டுமே ஆடினார். இருந்தும் அந்த ஓராண்டு இந்தியக் கால்பந்து வரலாற்றில் தனியிடம் பெற்றது. ஒரு வீரர் எந்த நாட்டில் ஆட முடியும் என்பதை அவருடைய கால்களோடு சேர்ந்து, அவர் நாட்டின் தரவரிசையும் குடியேற்றச் சட்டமும் லீக் விதிகளும் எப்படித் தீர்மானிக்கின்றன என்பதற்கு அது தெளிவான எடுத்துக்காட்டு.

அமெரிக்கக் கால்பந்தும் வெளிநாட்டு வீரர்களும்

அமெரிக்காவில் தொழில்முறைக் கால்பந்து வளர்ந்ததே வெளிநாட்டு வீரர்களைக் கொண்டுதான். 1968-இல் தொடங்கிய வட அமெரிக்கக் கால்பந்து லீக், 1975-இல் பிரேசிலின் பெலே நியூயார்க் காஸ்மோஸ் அணியில் சேர்ந்த பிறகு உலகெங்கும் அறியப்பட்டது. அவரைத் தொடர்ந்து ஏராளமான இங்கிலாந்து வீரர்கள் அமெரிக்காவுக்குச் சென்றனர். 1966 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியிலிருந்து தலைவர் பாபி மூர் சான் அன்டோனியோவிலும் சியாட்டிலிலும் ஆடினார். இறுதியாட்டத்தில் ஹாட்ரிக் அடித்த ஜெஃப் ஹர்ஸ்ட் சியாட்டிலுக்குச் சென்றார். கோல் காப்பாளர் கார்டன் பேங்க்ஸ் ஃபோர்ட் லாடர்டேல் அணியில் சேர்ந்தார். லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகத்தில் புகழ்பெற்ற ராட்னி மார்ஷ் 1976-இல் டாம்பா பே அணிக்கு மாறினார்.

இங்கிலாந்தில் கோடைக்காலம் கால்பந்துக்கு ஓய்வுக்காலம்; அமெரிக்க லீக் நடந்ததோ அந்தக் கோடையில்தான். எனவே இரண்டு நாடுகளிலும் ஒரே ஆண்டில் ஆடுவது சிலருக்கு முடிந்தது. டிரெவர் ஃபிரான்சிஸ் 1978, 1979 கோடைகளில் டெட்ராய்ட் எக்ஸ்பிரஸ் அணிக்கு ஆடினார். 1979 மே மாதம் மியூனிக்கில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு வெற்றி தந்த ஒரே கோலை அடித்தவரும் அவரே. அன்று தோற்ற அணி சுவீடனின் மால்மோ. அதன் பயிற்சியாளர் பாப் ஹௌட்டன் என்னும் இங்கிலாந்துக்காரர். சேத்ரியின் வாழ்க்கையில் ஹௌட்டனுக்குப் பின்னர் முக்கியப் பங்கு இருந்தது.

அந்த லீக்கின் காற்று இந்தியாவையும் தொட்டது. 1977 செப்டம்பர் 24 அன்று பெலே ஆடிய காஸ்மோஸ் அணி கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் திடலில் மோகன் பகான் அணியைச் சந்தித்தது. ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிந்தது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 1 அன்று, பெலே தம் கடைசி ஆட்டத்தை ஆடினார். 1984 பருவத்தோடு அந்த லீக் நின்றுபோனது. நட்சத்திரங்களுக்கு அள்ளிக் கொடுத்த பணத்தைப் பார்வையாளர் வருவாயால் ஈடுகட்ட இயலவில்லை.

1996-இல் தொடங்கிய மேஜர் லீக் சாக்கர் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு வந்தது. ஒவ்வோர் அணியும் ஊதியத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகைக்கு வரம்பு இருந்தது. வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு இருந்தது. 2007-இல் இங்கிலாந்தின் டேவிட் பெக்காம் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸி அணிக்கு வந்தபோது, ஊதிய வரம்பை மீறிச் சில வீரர்களை எடுக்க வழிசெய்யும் தனி விதி கொண்டுவரப்பட்டது. அதை இன்றும் பெக்காம் விதி என்றே பலர் அழைக்கின்றனர். பெக்காம் 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீக் கோப்பையை வென்ற பின் அமெரிக்காவிலிருந்து விடைபெற்றார்.

இவ்வாறு 2010-இல் அமெரிக்காவுக்குச் செல்லும் வெளிநாட்டு வீரர் இரண்டு வகையில் ஒன்றாக இருந்தார்: பெரும் புகழுடன் பெக்காமைப் போல் வருபவர், அல்லது வரம்புக்குட்பட்ட ஊதியத்தில் வந்து அணியில் இடம்பிடிக்கப் போராடுபவர். சேத்ரி இரண்டாம் வகை.

முன்னே சென்ற இருவர்

சேத்ரிக்கு முன் வெளிநாட்டுக் கழகங்களுக்குச் சென்ற இந்தியர்களில் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். முதலாமவர் முகமது சலீம். கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அணி 1934 முதல் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கொல்கத்தா லீக்கை வென்ற காலத்தில் அதில் ஆடியவர். 1936-இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்துக்குச் சென்று, காலணி அணியாமல், பாதங்களில் துணிக்கட்டு மட்டும் கட்டிக்கொண்டு அதன் இரண்டாம் நிலை அணியில் ஆடினார். அவருடைய ஆட்டம் அங்கே வியப்பாகப் பேசப்பட்டது. ஆனால் ஊர் நினைவு வாட்டியதால் சில ஆட்டங்களோடு தாயகம் திரும்பினார்.

இரண்டாமவர் சிக்கிமைச் சேர்ந்த பாய்ச்சுங் பூட்டியா. 1999-இல் இங்கிலாந்தின் மூன்றாம் நிலைப் பிரிவில் இருந்த பரி கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. 2002 வரை அங்கிருந்த அவர் 37 லீக் ஆட்டங்களில் 3 கோல்கள் அடித்தார். காயங்களும், கழகத்தின் பண நெருக்கடியும் அந்தக் காலத்தைக் கடினமாக்கின. இந்திய வீரர் ஒருவர் ஐரோப்பியக் கழகத்தில் முறையான ஒப்பந்தத்துடன் பருவங்கள் முழுக்க நீடிக்க முடியும் என்பதை அவர் காட்டினார். சேத்ரி இளைஞராக இருந்தபோது இந்திய அணியின் முன்களத்தில் தமக்கு மூத்தவராகக் கண்டது பூட்டியாவைத்தான்.

இளமையும் இந்தியக் கழகங்களும்

சேத்ரி ஆந்திரத்தின் செகந்திராபாத்தில் (இன்றைய தெலங்கானா) பிறந்தார். தந்தை இந்தியத் தரைப்படையின் மின்னணு மற்றும் இயந்திரப் பொறியியல் பிரிவில் பணியாற்றியவர். தாய் சுசீலா நேபாள மகளிர் கால்பந்து அணிக்கு ஆடியவர். தந்தையின் பணிமாற்றங்களால் குடும்பம் பல ஊர்களில் வாழ்ந்தது. டெல்லியின் சிட்டி கிளப்பில் ஆடத் தொடங்கிய சேத்ரியை 2002-இல் கொல்கத்தாவின் மோகன் பகான் எடுத்துக்கொண்டது. பின்னர் பஞ்சாபின் ஜே.சி.டி. அணிக்கும், 2008-இல் ஈஸ்ட் பெங்காலுக்கும், 2009-இல் கோவாவின் டெம்போவுக்கும் மாறினார்.

இந்திய அணிக்காக முதன்முதலில் 2005 ஜூன் 12 அன்று பாகிஸ்தானின் குவெட்டாவில் ஆடினார். 1-1 எனச் சமனில் முடிந்த அந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோல் அவருடையது. 2006-இல் பாப் ஹௌட்டன் இந்திய அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். மால்மோவுக்குப் பின் வட அமெரிக்க லீக்கின் டொரான்டோ பிளிசார்ட் அணிக்கும், 1996-இல் மேஜர் லீக் சாக்கரின் முதல் பருவத்தில் கொலராடோ ரேப்பிட்ஸ் அணிக்கும் பயிற்சியளித்தவர் அவர். அமெரிக்கக் கால்பந்தை உள்ளிருந்து அறிந்தவர்.

ஹௌட்டன் காலத்தில் இந்தியா 2007, 2009 ஆண்டுகளில் நேரு கோப்பையை வென்றது. 2008 ஆகஸ்டு 13 அன்று டெல்லி அம்பேத்கர் விளையாட்டரங்கில் நடந்த ஆசியச் சவால் கோப்பை இறுதியாட்டத்தில் தஜிகிஸ்தானை 4-1 என வீழ்த்தியது. மூன்று கோல்களைச் சேத்ரியும் ஒன்றைப் பூட்டியாவும் அடித்தனர். அந்த வெற்றியால் 2011 ஆசியக் கோப்பைக்கு இந்தியா நேரடியாகத் தகுதி பெற்றது. 1984-க்குப் பின் கிடைத்த முதல் வாய்ப்பு அது. இருபத்து நான்கு வயதுச் சேத்ரியின் மீது வெளிநாட்டுக் கழகங்களின் பார்வை விழுந்தது அதன் பிறகுதான்.

லண்டனில் மூடிய கதவு

2009-இல் மேற்கு லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகம் சேத்ரியை எடுக்க முன்வந்தது. இங்கிலாந்தின் இரண்டாம் நிலைப் பிரிவில் அப்போது ஆடிக்கொண்டிருந்த அந்தக் கழகத்தில், இந்தியாவில் பிறந்த எஃகுத் தொழிலதிபர் இலட்சுமி மித்தலின் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது. மூன்றாண்டு ஒப்பந்தம் பேசி முடிக்கப்பட்டது. ஆனால் பிரிட்டிஷ் அரசின் பணி அனுமதி கிடைக்கவில்லை.

அன்றைய பிரிட்டிஷ் விதியில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரர், தம் நாட்டு அணி முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஆடிய போட்டி ஆட்டங்களில் 75 விழுக்காட்டில் ஆடியிருக்க வேண்டும். அந்த நாடு ஃபிஃபா தரவரிசையில் சராசரியாக முதல் 70 இடங்களுக்குள் இருக்க வேண்டும். முதல் நிபந்தனை வீரரைப் பற்றியது. இரண்டாவது அவர் பிறந்த நாட்டைப் பற்றியது. இந்தியா அப்போது நூறாம் இடத்துக்கும் கீழே வெகுதொலைவில் இருந்தது. ஒரு வீரர் எத்தனை கோல்கள் அடித்தாலும், தம்முடன் ஆடும் மற்ற பத்துப் பேரையும் நாட்டின் கால்பந்து அமைப்பையும் தனியாளாக மேலே தூக்க முடியாது. சேத்ரி மீண்டும் கோவாவுக்கே திரும்பி டெம்போ அணிக்கு ஆடினார்.

இவ்விதியின் நோக்கம் உள்நாட்டு இளம் வீரர்களின் வாய்ப்பைக் காப்பது. ஆனால் தரவரிசையில் பின்தங்கிய நாடுகளுக்கு அது ஒரு சுழற்சியை உருவாக்கியது. நல்ல லீக்கில் ஆடினால்தான் வீரர்கள் வளர்வர். வீரர்கள் வளர்ந்தால்தான் நாட்டின் தரவரிசை உயரும். தரவரிசை உயர்ந்தால்தான் நல்ல லீக்கில் இடம் கிடைக்கும்.

கேன்சஸ் சிட்டி விசார்ட்ஸ்

அமெரிக்க லீக்கின் வாயில் வேறு வகையானது. அங்கே வீரரின் நாடு தரவரிசையில் எங்கிருக்கிறது என்ற கேள்வி இல்லை. ஒவ்வோர் அணிக்கும் எட்டு வெளிநாட்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 2010-இல் லீக்கில் இருந்த 16 அணிகளுக்கும் சேர்த்து 128 இடங்கள். அவற்றை அணிகள் தங்களுக்குள் விற்கவும் மாற்றிக்கொள்ளவும் முடியும். ஓர் அணி தன் இடங்களில் ஒன்றை ஒரு வீரருக்குக் கொடுக்கத் தயாராக இருந்தால் போதும்; அவர் எந்த நாட்டவரானாலும் ஒன்றே.

அப்படி ஓர் இடத்தை 2010 மார்ச்சில் சேத்ரிக்குக் கொடுத்தது கேன்சஸ் சிட்டி விசார்ட்ஸ். லீக்கின் தொடக்க அணிகளில் ஒன்றான இதை நிறுவியவர் லமார் ஹண்ட். 2000-ஆம் ஆண்டு லீக் கோப்பையை வென்றிருந்தாலும், சேத்ரி சென்றபோது அது மாறுதல் காலத்தில் இருந்தது. 2006-இல் உள்ளூர் முதலீட்டாளர்கள் அணியை வாங்கியிருந்தனர். தனக்கென விளையாட்டரங்கம் இல்லாமல், கேன்சஸ் சிட்டியிலுள்ள ஒரு பேஸ்பால் திடலில் அணி ஆடிவந்தது. புதிய அரங்கம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் பீட்டர் வெர்மிஸ், 1990 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்காக ஆடியவர். 2010 நவம்பரில் அணியின் பெயரே ஸ்போர்ட்டிங் கேன்சஸ் சிட்டி என மாற்றப்பட்டது.

அணியின் முன்களத்தில் போட்டி கடுமையாக இருந்தது. சியரா லியோனின் கேய் கமாரா அந்தப் பருவத்தில் 10 லீக் கோல்கள் அடித்தார். அமெரிக்காவைச் சேர்ந்த டேவி ஆர்னோ அனுபவம் மிக்கவர். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் வரைவு முறையில் அவ்வாண்டு நான்காவதாக எடுக்கப்பட்ட டீல் பன்பரி என்ற இளைஞரும் இருந்தார். லண்டனின் ஆர்சனல் கழகத்தில் வளர்ந்த இங்கிலாந்து வீரர் ரயன் ஸ்மித்தும் அதே ஆண்டில் அணிக்கு வந்து சேர்ந்தார்.

2010 ஏப்ரல் 14 அன்று அமெரிக்க ஓப்பன் கோப்பையின் தகுதியாட்டத்தில் விசார்ட்ஸ் அணி கொலராடோ ரேப்பிட்ஸ் அணியைச் சந்தித்தது. சேத்ரி தொடக்கம் முதலே களத்தில் இருந்தார். 1914 முதல் நடந்துவரும் பழைமையான இந்தக் கோப்பைக்கு, விசார்ட்ஸ் அணியை நிறுவிய லமார் ஹண்டின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. எதிரணி ஹௌட்டன் முன்பு பயிற்சியளித்த அணி. அந்த ஆண்டின் இறுதியில் லீக் கோப்பையை வென்ற அணியும் அதுவே. இடைவேளையில் சேத்ரி வெளியே அழைக்கப்பட்டார். அவருடைய இடத்தில் பன்பரி இறங்கினார். அமெரிக்காவில் சேத்ரி ஆடிய ஒரே போட்டி ஆட்டம் அந்தப் பாதிதான்.

ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணி கேன்சஸ் சிட்டிக்கு வந்தது. அமெரிக்கக் கால்பந்து எனப்படும் வேறு விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட ஆரோஹெட் அரங்கில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் நட்புமுறை ஆட்டம் நடந்தது. ஒரு வீரர் வெளியேற்றப்பட்டுப் பத்துப் பேருடன் ஆடிய விசார்ட்ஸ் 2-1 என வென்றது. ஆர்னோவும் கமாராவும் கோல் அடித்தனர். சேத்ரி இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். இங்கிலாந்தில் ஆடப் பணி அனுமதி மறுக்கப்பட்ட வீரர், இங்கிலாந்தின் மிகப் புகழ்பெற்ற அணியை எதிர்த்து அமெரிக்காவில் ஆடி, வென்ற பக்கத்தில் இருந்தார்.

ஆட இடம் கிடைக்காத காரணங்கள்

சேத்ரி லீக் ஆட்டங்களில் இறங்காததற்குத் திறமைக் குறைவு என்ற ஒற்றை விளக்கம் போதாது. அவருக்கு எதிராகப் பல சூழல்கள் சேர்ந்திருந்தன.

முதலாவது, பருவ வேறுபாடு. இந்திய ஐ-லீக் அக்டோபர் முதல் மே வரை நடந்தது; அமெரிக்க லீக் மார்ச் முதல் நவம்பர் வரை. டெம்போ அணியின் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே சேத்ரி புறப்பட்டார். அமெரிக்க அணிகள் பருவத்துக்கு முந்தைய பயிற்சியை முடித்து முதல் ஆட்டத்துக்கு அணிவகுத்த நேரத்தில்தான் அவர் சேர்ந்தார். உடன் ஆடுவோரின் போக்கைப் பயிற்சிக்காலத்தில் அறிந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்கு இல்லை.

இரண்டாவது, இரண்டாம் நிலை அணிகளின் லீக் இல்லாமை. 2005 முதல் 2008 வரை மேஜர் லீக் சாக்கர், முதன்மைப் பதினொருவரில் இடம்பெறாதவர்களுக்காகத் தனி லீக் நடத்திவந்தது. செலவைக் குறைக்க அது நிறுத்தப்பட்டு, 2011-இல்தான் மீண்டும் தொடங்கியது. சேத்ரி சென்ற 2010 அந்த இடைவெளியில் விழுந்தது. பயிற்சியில் எவ்வளவு உழைத்தாலும், அதை ஆட்டத்தில் காட்ட வாரந்தோறும் ஒரு களம் இல்லை. 1936-இல் சலீமுக்கு செல்டிக்கின் இரண்டாம் அணி கிடைத்தது. 2010-இல் சேத்ரிக்கு அதுவும் கிடைக்கவில்லை. பெஞ்சில் இருக்கும் முன்கள வீரருக்கு ஆட்டக் கூர்மை மங்குவது இயல்பு.

மூன்றாவது, உடல்வலு சார்ந்த ஆட்டமுறை. கல்லூரி விளையாட்டு அமைப்பிலிருந்து வரும் அமெரிக்க வீரர்கள் வேகத்திலும் உடற்கட்டிலும் வலுவானவர்கள். சுமார் 170 செ.மீ. உயரமுள்ள சேத்ரி, பந்தைக் காலடியில் பெற்றுத் திரும்புவதிலும், தடுப்பாளர்களுக்கு இடையே ஓடும் நேரத்தைத் தேர்வதிலும் வல்லவர். அந்த ஆட்டம் பயன்பட, பந்தைத் தரும் நடுக்கள வீரர்களுடன் நீண்டநாள் பழக்கம் வேண்டும்.

நான்காவது, தேசிய அணியின் அழைப்பு. 2011 ஜனவரியில் நடக்கவிருந்த ஆசியக் கோப்பைக்காக இந்திய அணி 2010 முழுவதும் ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. 2010 அக்டோபர் 8 அன்று, அமெரிக்க லீக் பருவம் முடியும் முன்பே, புனேயில் வியட்நாமுக்கு எதிராக இந்தியா 3-1 என வென்றது. மூன்று கோல்களும் சேத்ரியுடையவை. கேன்சஸ் சிட்டியில் ஒரு லீக் ஆட்டமும் கிடைக்காத வீரர் தாயகத்தில் ஒரே மாலையில் மூன்று கோல்கள் அடித்தார்.

விசார்ட்ஸ் அணி அந்தப் பருவத்தில் இறுதிச்சுற்று ஆட்டங்களுக்குத் தகுதி பெறவில்லை.

தோகா 2011

2011 ஜனவரியில் கத்தாரின் தோகாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 0-4, பஹ்ரைனிடம் 2-5, தென்கொரியாவிடம் 1-4 எனத் தோற்றது. பூட்டியா காயத்தால் பெரும்பாலும் ஆட இயலாத நிலையில், முன்களத்தின் சுமை சேத்ரியின் மேல் விழுந்தது. பஹ்ரைனுக்கு எதிராக ஒன்று, தென்கொரியாவுக்கு எதிராகப் பெனால்டியில் ஒன்று என இரண்டு கோல்கள் அடித்தார். இந்தியா அந்தத் தொடரில் அடித்தவை மொத்தம் மூன்று.

அத்தொடருக்குப் பின் சேத்ரி அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. 2011-இல் கொல்கத்தாவின் சிராக் யுனைடெட் அணிக்கும், அடுத்து மீண்டும் மோகன் பகானுக்கும் ஆடினார். அதே ஆண்டு பூட்டியா சர்வதேசக் கால்பந்திலிருந்து ஓய்வு பெற்றார். டிசம்பரில் புதுடெல்லியில் நடந்த தெற்காசியக் கோப்பையில் சேத்ரி 7 கோல்கள் அடிக்க, இந்தியா இறுதியாட்டத்தில் ஆப்கானிஸ்தானை 4-0 என வென்றது.

லிஸ்பனில் இரண்டாம் முயற்சி

2012-இல் போர்ச்சுக்கலின் ஸ்போர்ட்டிங் கழகம் சேத்ரியை இரண்டாண்டுக்கு ஒப்பந்தம் செய்தது. கிறிஸ்டியானோ ரொனால்டோவை வளர்த்தெடுத்த லிஸ்பன் கழகம் அது. கழகத்தின் இரண்டாம் அணி அப்போது போர்ச்சுக்கலின் இரண்டாம் நிலைப் பிரிவில் ஆடிவந்தது. அதில் சேத்ரி மூன்று ஆட்டங்களில் இறங்கினார். 2013 தொடக்கத்தில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணிக்குக் கடனாக அனுப்பப்பட்டார். அந்தப் பருவத்தின் ஐ-லீக் பட்டத்தை சர்ச்சில் பிரதர்ஸ் வென்றது. வெளிநாட்டில் மூன்று ஆட்டங்கள், திரும்பிய ஊரில் ஒரு பட்டம் என்ற அந்த முரண் கேன்சஸ் சிட்டி அனுபவத்தையே நினைவூட்டியது.

தாயகத்தில் தொடர்ந்த ஆட்டம்

2013-இல் புதிதாகத் தொடங்கப்பட்ட பெங்களூரு எப்.சி. அணியில் சேத்ரி தலைவராகச் சேர்ந்தார். அதன் முதல் பயிற்சியாளர் ஆஷ்லி வெஸ்ட்வுட் இங்கிலாந்துக்காரர். அணி தன் முதல் பருவத்திலேயே ஐ-லீக்கை வென்றது. 2015-16 பருவத்தில் மீண்டும் வென்றது. 2016-இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையின் இறுதியாட்டத்தை எட்டிய முதல் இந்தியக் கழகமாயிற்று. 2018-19 இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தையும் பெற்றது.

தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு நினைவிருக்கும் ஆட்டம் 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டம். சேத்ரி 9-ஆம் நிமிடத்தில் கோல் அடித்து பெங்களூரை முன்னிலைப்படுத்தினார். ஆனால் சென்னையின் எப்.சி. 3-2 என வென்று இரண்டாம் முறையாகப் பட்டம் பெற்றது. சென்னை அணியின் பயிற்சியாளர் ஜான் கிரிகரி, ஒருகாலத்தில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகத்துக்கு ஆடியவர். பின்னர் அதன் மேலாளராகவும் இருந்தவர். 2009-இல் சேத்ரியால் போய்ச் சேர முடியாத கழகத்திலிருந்து ஒருவர், இந்தியாவுக்கு வந்து அவரை வென்றார். 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் இப்படிப் பயணத்தின் திசையையே மாற்றியது. 1970-களில் அமெரிக்காவுக்குச் சென்றதைப் போல, ஓய்வை நெருங்கிய ஐரோப்பிய வீரர்களும் பயிற்சியாளர்களும் இந்தியாவுக்கு வந்தனர். இங்கிலாந்தின் முன்னாள் கோல் காப்பாளர் டேவிட் ஜேம்ஸ் முதல் பருவத்தில் கேரள பிளாஸ்டர்ஸ் அணியின் வீரராகவும் மேலாளராகவும் இருந்தார்.

2018 ஜூனில் மும்பையில் காலி இருக்கைகளுக்கு முன் ஆடிய பின், அரங்கத்துக்கு வந்து பாருங்கள், குறையிருந்தால் திட்டுங்கள் என்ற பொருளில் சேத்ரி காணொளியில் வேண்டினார். ஜூன் 4 அன்று அவருடைய 100-ஆவது சர்வதேச ஆட்டத்தில் அரங்கம் நிரம்பியது. 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்துடன் ஓய்வு பெற்றபோது, 151 ஆட்டங்களில் 94 கோல்கள் அவர் கணக்கில் இருந்தன. அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ரொனால்டோ, மெஸ்ஸி இருவர் மட்டுமே சர்வதேசக் கோல்களில் அவரைவிட முன்னே இருந்தனர். 2025 மார்ச்சில் மீண்டும் இந்திய அணிக்குத் திரும்பி மாலத்தீவுக்கு எதிராக மேலும் ஒரு கோல் அடித்தார்.

பின்னர் சென்றவர்கள்

சேத்ரிக்குப் பின் சிலர் வேறு வழிகளில் வெளிநாடு சென்றனர். கோல் காப்பாளர் குர்பிரீத் சிங் சந்து 2014-இல் நார்வேயின் ஸ்டாபெக் கழகத்தில் சேர்ந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் காத்திருந்த அவர், 2016-இல் யூரோப்பா லீக் தகுதியாட்டத்தில் இறங்கினார். மணிப்பூரைச் சேர்ந்த பாலா தேவி 2020-இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் மகளிர் அணியில் ஒப்பந்தமானார். அந்த ஆண்டு டிசம்பரில் அங்கே கோலும் அடித்தார்.

புலம்பெயர்ந்த தமிழர்களிடையே இன்னொரு வழி திறந்திருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்சில் பிறந்த விமல் யோகநாதன் 2024 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்துக்காகத் தம் முதல் தொழில்முறை ஆட்டத்தை ஆடினார். அவர் அங்கேயே பிறந்தவர் என்பதால் பணி அனுமதி என்ற கேள்வியே எழவில்லை. சிறு வயது முதல் அங்குள்ள கால்பந்துப் பயிற்சியமைப்பில் வளர்ந்தார். சேத்ரியைத் தடுத்த இரண்டு சுவர்களும் அவர் முன் இல்லை.

மதிப்பீடு

சேத்ரியின் அமெரிக்க ஆண்டைப் புள்ளிவிவரமாக எழுதினால் ஒரு வரிக்குமேல் வராது: லீக் ஆட்டங்கள் 0, கோல்கள் 0. ஆனால் அதைச் சுற்றியுள்ள விதிகளோடு சேர்த்துப் பார்த்தால் படம் மாறுகிறது. இங்கிலாந்து நாட்டின் தரவரிசையைக் கேட்டது. அங்கே அவரால் நுழையவே முடியவில்லை. அமெரிக்கா அதைக் கேட்கவில்லை. நுழைந்த பின் வளர்வதற்கான ஆட்டக்களத்தை அந்த ஆண்டில் வைத்திருக்கவில்லை. போர்ச்சுக்கல் இரண்டாம் அணியின் களத்தைத் தந்தது. அதற்குள் அவருக்கு 28 வயதாகிவிட்டது.

இங்கிலாந்து வீரர்கள் அமெரிக்காவில் வெற்றி பெற்றதற்கு அவர்களுடைய திறமையோடு, சிறு வயது முதல் கிடைத்த பயிற்சியும், தாயகத்தின் பெயரும் துணைநின்றன. பெக்காம் லாஸ் ஏஞ்சலசில் இறங்கும்போது அவருக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு லீக் அமைப்பு இருந்தது. சேத்ரி இருபத்தைந்து வயதில், இந்திய லீக்கிலிருந்து நேராக, பயிற்சிக்காலம் முடிந்த அணிக்குள் சென்றார். அதே வீரர் தாயகத்துச் சூழலில் உலகின் மிக அதிகக் கோல்கள் அடித்த சர்வதேச வீரர்களில் ஒருவரானார் என்பது, கேன்சஸ் சிட்டியில் குறைந்தது என்ன என்பதைக் காட்டுகிறது. வீரர்கள் பதினாறு, பதினேழு வயதிலேயே தொடர்ந்து ஆடும் களத்தை அடைய வேண்டும் என்பதும், அதற்கு உள்நாட்டில் இளையோர் அமைப்பு வலுப்பட வேண்டும் என்பதும் அந்த ஓராண்டு இந்தியக் கால்பந்துக்கு விட்டுச்சென்ற பாடங்கள்.